501-வது யூனிட்: பச்சை வீடு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



போன மாசம் என் சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு கொட்டேஷன் அனுப்பினான். ஆட்டையாம்பட்டியில் அவங்களோட பழைய ஓட்டு வீட்டை இடிச்சுட்டு, அதே இடத்துல புது வீடு கட்டப் போறாங்க. 1,300 சதுர அடி, சதுர அடிக்கு 2,200 ரூபாய், மொத்தம் 28.6 லட்சம். அது வரைக்கும் சரி. அதுக்குக் கீழே தனியா ஒரு பக்கம். தலைப்பு: 'கார்பன் நியூட்ரல் கிரீன் பேக்கேஜ்'. தொகை: 4 லட்சத்து 80 ஆயிரம்.

"அண்ணா, இதை மட்டும் கொஞ்சம் பாருங்கண்ணா. வீட்டுக் கடன்லயே சேர்த்துக்கலாம்னு சொல்றாங்க. மாசம் நாலாயிரம்தான் கூட வருமாம்."

நாலாயிரம்தான். இந்த 'தான்' இருக்கே, சம்பளம் வாங்குற நம்ம எல்லாரையும் மாட்டி விடுற வார்த்தை அதுதான். 8.5% வட்டி, 20 வருஷம்னு வெச்சா ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் 868 ரூபாய். 4.8 லட்சத்துக்கு மாசம் 4,166. இருபது வருஷம் கட்டி முடிக்கும்போது கையை விட்டுப் போயிருப்பது கிட்டத்தட்ட 10 லட்சம்.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். பச்சை வீடுங்கிறது கடைசியில் காசு கொடுத்து ஒட்டுற பேக்கேஜ் இல்ல. பிளான் பேப்பர்ல இருக்கும்போதே எடுக்குற முடிவுகள். அதுல பாதிக்கு மேல காசே ஆகாது. சிலது காசை மிச்சம் பண்ணும். காசு ஆகுறதை மட்டும், உங்க ஈ.பி. பில்லைப் பார்த்துட்டு, வரிசையா செய்யணும். வரிசை மாறினா பச்சையும் இருக்காது, பணமும் இருக்காது.

கொட்டேஷன்ல என்ன இருந்தது?

- 2 கிலோவாட் சோலார்: 1,40,000
- சோலார் வாட்டர் ஹீட்டர்: 30,000
- மேற்குப் பக்கம் ஹாலுக்குப் பெரிய கண்ணாடி ஜன்னல், வெப்பம் தடுக்கும் ஸ்பெஷல் கிளாஸ்: 1,10,000
- லைட், ஃபேன் எல்லாம் மொபைல்ல இயங்குற ஆட்டோமேஷன்: 90,000
- சுவர்த் தோட்டம், அப்புறம் 'சர்டிஃபிகேஷன் செலவு': 1,10,000

மூணாவது வரியைத் திரும்பப் படிங்க. மேற்குப் பக்கம் பெரிய கண்ணாடி. நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துல சித்திரை வெயில் சாயங்காலம் நாலு மணிக்கு எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு ஆட்டையாம்பட்டியில் எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் சொல்லிடுவார். வெயில் வர்ற பக்கம் ஓட்டை போட்டுட்டு, அந்த வெயிலைத் தடுக்க ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அந்த ஜன்னலையே எடுத்துடலாமே? செலவு சைபர். உண்மையில் மைனஸ்.

முதல் முடிவு: எவ்வளவு பெருசு?

'கார்பன் நியூட்ரல்' என்றால் என்ன? வீட்டால் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே போகுதோ, அதே அளவுக்கு ஈடு கட்டுறது. விளம்பரங்கள் இதுல கரண்ட் பில்லை மட்டும்தான் கணக்குல எடுக்குது. வீட்டைக் கட்டும்போது ஆகுற கணக்கைச் சொல்றதே இல்லை.

ஒரு டன் சிமெண்ட் தயாரிக்கும்போது அரை டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு போகுது. நிலக்கரியை எரிக்கிறதால மட்டும் இல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள்ள இருந்தே வாயு வெளியேறும். நம்ம நாட்டுல ஒரு டன் ஸ்டீலுக்கு ரெண்டு டன்னுக்கு மேல. சாதாரண கான்கிரீட் வீட்டுக்கு சதுர அடிக்கு சுமார் 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பின்னு மேஸ்திரிகள் கணக்குப் போடுவாங்க. அப்போ 200 சதுர அடியைக் குறைச்சா 4 டன் சிமெண்ட், 800 கிலோ கம்பி மிச்சம். கார்பன்ல சுமார் 4 டன்.

இதை அந்த 2 கிலோவாட் சோலாரோட ஒப்பிட்டுப் பாருங்க. நம்ம வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியா 4 யூனிட் தரும். ரெண்டு கிலோவாட் வருஷத்துக்குச் சுமார் 2,900 யூனிட். இந்தியாவுல கிரிட் மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக, வருஷத்துக்கு ரெண்டு டன். ஒரு ரூமைக் கட்டாம விட்டா, ரெண்டு வருஷம் சோலார் ஓட்டினதுக்குச் சமம். அதுவும் முதல் நாளே.

பணக் கணக்கு? 200 சதுர அடி, 2,200 ரூபாய். 4.4 லட்சம் மிச்சம். இஎம்ஐ மாசம் 3,818 குறையும். இருபது வருஷத்துல 9 லட்சத்துக்கு மேல.

தம்பியோட பிளான்ல மாடியில ஒரு கெஸ்ட் ரூம் இருந்தது. "யாருக்குடா?"ன்னு கேட்டேன். "ஆடிப் பண்டிகைக்கு அக்கா வருவாங்கண்ணா, பொங்கலுக்கு மாமா வருவாங்க." வருஷத்துல ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவங்க ஹால்ல பாய் விரிச்சு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேசிட்டுத்தான் தூங்குவாங்கன்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்கு ஒரு முன்மாதிரி இருக்கு. 2011-12-ல் ஆரம்பிச்ச முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம். கிராமத்து ஏழைகளுக்கு ஒரு வீடு 300 சதுர அடி, செலவு 1.80 லட்சம். அதுல 1.50 லட்சம் கட்டடத்துக்கு, 30 ஆயிரம் சோலார் விளக்குகளுக்கு. மழைநீர் சேகரிப்பும் உண்டு. கிராமத்துல 'பசுமை வீடு'ன்னாலே இன்னிக்கும் இந்த வீட்டைத்தான் சொல்வாங்க. எல்லாரும் பேசினது அந்தச் சோலாரை. ஆனா அதுல பெரிய பச்சை எதுன்னு கேட்டா, 300 சதுர அடியைத்தான் நான் சொல்வேன். உங்களை 300 அடியில வாழச் சொல்லலை. அவங்களுக்கு அது வசதி இல்லாமையால வந்த அளவு. ஆனா வசதி இருக்குங்கிற ஒரே காரணத்துக்காக, வங்கி கொடுக்குற அளவுக்கு வீட்டைப் பெருசாக்கிட்டு, மேல நாலு பேனலை மாட்டிப் பச்சைன்னு சொல்லிக்கறது என்ன நியாயம்?

ரெண்டாவது முடிவு: வெயிலை வாசலுக்கு வெளியே நிறுத்துறது

சித்தப்பா முப்பது வருஷம் தறி ஓட்டினவர். கொட்டேஷன் பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்போம்னு போன் பண்ணேன். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ஏஞ் சாமி, புது வீட்ல மத்தியானம் உள்ள படுக்க முடியுமா? எதுத்த வீட்டுக்காரங்க மெத்தை கட்டுனதுல இருந்து வெளியதான் உக்காந்திருக்காங்க."

அவர் கேட்டதுதான் உண்மையான பிரச்சினை. நம்ம ஊர் சூரியன் கோடையில ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. அதனால வீட்டுக்குள்ள வர்ற வெப்பத்துல பெரும்பங்கு மொட்டை மாடி வழியாத்தான் வரும். அடுத்தது மேற்குச் சுவர். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெப்பத்தை உறிஞ்சி வெச்சுக்கும். வெளியே காத்து குளிர ஆரம்பிக்கும்போது, ராத்திரி எட்டு மணிக்கு, அதை உள்ளே விடும். ஓட்டு வீட்டுல உயரமான கூரை, ஓட்டு இடுக்குல வெளியேறுற சூடு, திண்ணை, தாழ்வாரம் இதெல்லாம் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துச்சு. அந்த வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட். பில் 188 ரூபாய்.

அந்த வீட்டை அப்படியே வெச்சுக்கச் சொல்லலை. ஓடு மாத்துற செலவும் ஒழுகுற தொல்லையும் எனக்கும் தெரியும். ஆனா புது வீட்டுல அதே குளிர்ச்சிக்கு இவ்வளவு செஞ்சா போதும்:

மாடிக்கு வெள்ளை. தளத்துக்கு மேல தட்டு ஓடு பதிக்கத்தான் போறோம். அதுக்குப் பதிலா வெள்ளை கூலிங் டைல்ஸ். பட்ஜெட் இல்லையா? சுண்ணாம்பு அடிங்க, ஒவ்வொரு பங்குனியிலயும் ஒரு தடவை. தெலங்கானா அரசு 2023-ல் வெயிலைத் திருப்பி அனுப்புற கூரைகளுக்குன்னே தனிக் கொள்கை கொண்டு வந்தது. நம்ம தாத்தா கையில மட்டையோட அதைத்தான் செஞ்சுட்டு இருந்தாரு.

மேற்குப் பக்கம் படுக்கையறை வேண்டாம். அங்க பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூம் வையுங்க. வெயிலை அது வாங்கிக்கும். வாஸ்துப்படி வேற மாதிரி வரணும்னா, அந்தச் சுவருக்கு வெளியே ஒரு வேப்ப மரமோ பந்தலோ போடுங்க. இடம் இல்லைன்னா ஜன்னல் மேல சன்ஷேடை இன்னும் ஒரு அடி நீட்டுங்க.

எதிரெதிர் ஜன்னல். ஒவ்வொரு ரூம்லயும் காத்து நுழையவும் வெளியேறவும் ரெண்டு வழி. ஒரே பக்கம் ரெண்டு ஜன்னல் வெச்சா அது காத்துக்கு இல்ல, வெளிச்சத்துக்கு மட்டும்தான்.

செங்கலுக்குப் பதிலா ஃபிளை ஆஷ் கல். மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் நமக்குப் பக்கத்துலயே இருக்கு. சூளையில சுடாத கல், அதனால எரிபொருள் மிச்சம். அளவு ஒரே மாதிரி இருக்குறதால பூச்சுக்கு ஆகுற சிமெண்டும் குறையும். சிமெண்ட் வாங்கும்போதும் சாம்பல் கலந்த பிபிசி வகை வீடு கட்டப் போதும். பெரும்பாலும் விலையும் குறைவு.

பழைய ஓட்டை விக்காதீங்க. இடிக்கிறவங்க சீமை ஓட்டையும் மரத்தையும் சொற்ப விலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. கேரளாவுல பல வருஷம் வீடு கட்டின லாரி பேக்கர் 'ஃபில்லர் ஸ்லாப்'னு ஒரு முறையைப் பரவலாக்கினார். கான்கிரீட் தளத்தோட அடிப்பாகத்துல இருக்குற கான்கிரீட் பெருசா பாரம் தாங்குறதில்லை. கம்பிதான் தாங்குது. அந்த இடத்துல கம்பிகளுக்கு நடுவுல பழைய ஓடுகளை வெச்சா கான்கிரீட் குறையும், ஓட்டுக்குள்ள அடைபடுற காத்து வெப்பத்தையும் தடுக்கும். ஆனா ஒரு எச்சரிக்கை. இதை ஏற்கனவே செஞ்ச என்ஜினியர் கையெழுத்துப் போட்டு, செஞ்சு பழகின மேஸ்திரி கிடைச்சா மட்டும் செய்யுங்க. உங்க வீட்டுத் தளத்துல யாரும் தொழில் பழக வேண்டாம். அப்படி ஆள் கிடைக்கலைன்னா ஓட்டை முன்பக்கத் தாழ்வாரத்துக்குப் போடுங்க. கதவு, ஜன்னல் மரத்தை இழைச்சுத் திரும்பப் பயன்படுத்துங்க.

2018-ல் மத்திய அரசு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'ன்னு வீடுகளுக்கான மின்சிக்கன விதி ஒண்ணு கொண்டு வந்தது. அதோட முதல் பகுதி பேசுறதே சுவர், ஜன்னல், கூரை வழியா எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாங்கிறதைத்தான். அது பெரிய மனைகளுக்கான விதி, 1,200 சதுர அடி மனைக்கு அது பொருந்தாது. ஆனா வரிசையைக் கவனிங்க. கருவியை மாட்டுறது அப்புறம், வெப்பத்தைத் தடுக்குறது முதல்ல.

மூணாவது முடிவு: 500-க்குக் கீழே நிக்கறது

இப்போ தமிழ்நாட்டுக்கே உரிய கணக்குக்கு வருவோம். வெளிமாநில யூடியூபர்கள் சொல்ற 'சோலார் போட்டா நாலு வருஷத்துல காசு திரும்பிடும்' எல்லாருக்கும் பொருந்தாததுக்குக் காரணம் இதுதான்.

நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-ஐத் தாண்டாத வீடுகளுக்கு அடுத்த 100 யூனிட் பாதி விலை. 2024 ஜூலைக்கு அப்புறம் நாம கட்டுற விலையை வெச்சுப் போட்டிருக்கேன். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டினா அந்தப் பாதி விலைச் சலுகை போயிடும். மேல போற ஒவ்வொரு படிக்கும் 8.40, 9.45, 10.50, 11.55ன்னு ஏறும்.

500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய்.
501 யூனிட்டுக்கு பில் 2,048 ரூபாய்.

அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை 243 ரூபாய்! வீட்டுல யாரோ பாத்ரூம் லைட்டை அணைக்க மறந்ததுக்கு.

இங்கதான் ஃபேன் வருது. பழைய ஃபேன் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா, ஒரு ஃபேனுக்கு ரெண்டு மாசத்துல 32 யூனிட் மிச்சம். மூணு ஃபேன் மாத்தினா 97 யூனிட். 550 யூனிட் எரியிற வீட்டுல இதை மட்டும் செஞ்சா, அது 453-க்கு வரும். பில் 2,460-ல இருந்து 1,509 ஆகும். ஒரு பில்லுக்கு 950 ரூபாய். மூணு ஃபேனுக்குச் சுமார் 9,000 ரூபாய் போட்டா, இருபது மாசத்துக்குள்ள திரும்ப வந்துடும். எந்த மியூச்சுவல் ஃபண்டும் இப்படி வாக்குறுதி கொடுக்க முடியாது. கொடுத்தா செபி விடாது.

ஏசி வாங்குறதா இருந்தா ஐந்து நட்சத்திர இன்வர்ட்டர் வாங்குங்க, 26-ல் வெச்சு ஃபேனைச் சேர்த்து ஓட்டுங்க. ஒரு டிகிரி ஏத்தினா ஏசி மின்சாரத்துல சுமார் 6% மிச்சம்னு மத்திய அரசோட எரிசக்தித் திறன் அமைப்பே சொல்லுது. மாடி வெள்ளையா இருந்து, மேற்கு மூடியிருந்தா, அந்த ஏசி சீக்கிரம் ஓய்வெடுக்கும். இதுதான் நான் சொன்ன வரிசை.

நாலாவதுதான் சோலார்

பிஎம் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. மானியம் முதல் ரெண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000, அதிகபட்சம் 78,000. தம்பிக்குச் சொன்ன 2 கிலோவாட் 1,40,000-ல 60,000 மானியம் போக, கையை விட்டுப் போறது 80,000. தரும் மின்சாரம் ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட்.

இப்போ ரெண்டு வீட்டைப் பார்ப்போம். ஒரே பேனல், ஒரே விலை, ஒரே வெயில்.

முதல் வீடு, 800 யூனிட். மாடியில ரெண்டு ஏசி. பில் 4,770. சோலார் போட்டதும் கிரிட்ல இருந்து 320 யூனிட் மட்டும். பில் 799. மிச்சம் 3,971. வருஷத்துக்கு ஆறு பில், கிட்டத்தட்ட 23,800. போட்ட 80,000 மூணரை வருஷத்துக்குள்ள திரும்பிடும். இந்த வீட்டுக்காரர் இன்னும் சோலார் போடலைன்னா, நாளைக்கே போடணும்.

ரெண்டாவது வீடு, 400 யூனிட். நம்ம தம்பி வீடு கட்டினதும் ஏறக்குறைய இங்கதான் வரும். பில் 1,175. சோலார் போட்டா அது முழுக்கப் போயிடும். வருஷத்துக்கு மிச்சம் 7,050. திரும்ப 11 வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள இன்வர்ட்டர் ஒரு தடவை மாத்த வேண்டி வந்தா இன்னும் தள்ளிப் போகும்.

அந்த 80,000-ஐ வீட்டுக் கடன்லயே சேர்த்தா? 8.5%-ல வருஷத்துக்கு வட்டி மட்டும் 6,800. மிச்சம் 7,050. வருஷத்துக்கு 250 ரூபாய் லாபம், அசல் அப்படியே நிக்கும். மானியம் வேற, எல்லாம் மாட்டி முடிச்சு மின்வாரியம் மீட்டர் வெச்ச பிறகுதான் உங்க அக்கவுண்டுக்கு வரும். முதல்ல முழுத் தொகையையும் நீங்கதான் திரட்டணும்.

"அப்போ சோலார் வேண்டாங்கிறீங்களா?" இல்லை. இன்னிக்கே வேண்டாங்கிறேன். வீடு கட்டும்போது மாடியில இருந்து மீட்டர் போர்டு வரைக்கும் ஒரு காலி பைப் மட்டும் போட்டு வைங்க. சில நூறு ரூபாய்தான். தண்ணி டேங்கோட நிழல் விழாத மாதிரி தெற்குப் பார்த்த இடத்தை விட்டு வைங்க. ஒரு வருஷம் குடியிருங்க. ஆறு பில் கையில வரட்டும். கோடை பில் 500-ஐத் தாண்டி 600, 700ன்னு போனா, இல்ல எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் ரெண்டாவது ஏசியும் வந்தா, அப்போ போடுங்க. தேசிய போர்ட்டல்ல பதிவு பண்ண விற்பனையாளர்கிட்ட மட்டும், இந்தியாவுல தயாரான செல், பேனலான்னு உறுதி பண்ணிட்டு. வெளிநாட்டுப் பேனலுக்கு மானியம் கிடையாது.

"எல்லாத்தையும் காசாவே பார்க்கலாமா?"

இந்தக் கேள்வி நியாயமானது. 400 யூனிட் வீட்டு மாடியில வெச்ச பேனலும் 800 யூனிட் வீட்டு மாடியில வெச்ச பேனலும் குறைக்கிற கார்பன் ஒண்ணுதான். ரெண்டாவது வீட்டுக்கு லாபம் குறைவா இருக்கக் காரணம் அரசு கொடுக்குற மின் மானியம். பூமிக்கு அந்த மானியம் தெரியாது.

அதனால உங்ககிட்ட எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, டேர்ம் இன்சூரன்ஸ், ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, கடன் வாங்காம 80,000 போட முடியும்னா, 400 யூனிட் வீட்டுலயும் சோலார் போடுங்க. நான் கைதட்டுவேன். ஆனா அதை உங்க கணக்குல 'முதலீடு'ன்னு எழுதாதீங்க. கோயிலுக்கு உபயம் செய்யிற மாதிரி, மனசார செய்யிற செலவுன்னு எழுதுங்க. அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. கடன் வாங்கி உபயம் பண்ணச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கிறதில்லை.

இன்னொண்ணு, வரி. 'வீட்டுக் கடன் பெருசா எடுத்தா வரி மிச்சம்'னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க. நாம குடியிருக்குற வீட்டுக் கடனுக்கான 2 லட்ச ரூபாய் வட்டிக் கழிவு பழைய வரி முறையில மட்டும்தான். புது முறையில கிடையாது. இளைஞர்கள்ல நிறைய பேர் இப்போ புது முறையில இருக்காங்க. உங்களுக்கு அந்த வட்டி முழுக்க உங்க பாக்கெட்டுல இருந்துதான் போகும். 'கிரீன் ஹோம் லோன்'னு 0.05% வட்டி குறைக்கிறோம்னு யாராவது வந்தா, 25 லட்சம் கடனுக்கு அது மாசம் 80 ரூபாய்க்குள்ளதான். அதுக்காக ஒரு லட்ச ரூபாய்க்குச் சர்டிஃபிகேட் வாங்காதீங்க.

தம்பி என்ன முடிவு பண்ணான்?

ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து பேசினோம். கண்ணாடி ஜன்னல் போச்சு. ஆட்டோமேஷன், சுவர்த் தோட்டம், சர்டிஃபிகேட் போச்சு. சோலார் வாட்டர் ஹீட்டரும் இப்போதைக்கு வேண்டாம். நம்ம ஊர்ல சுடுதண்ணி கார்த்திகை, மார்கழி, தைக்குத்தான். சோலாருக்குக் காலி பைப். கெஸ்ட் ரூமுக்கு மட்டும் சித்தி கொஞ்சம் வருத்தப்பட்டாங்க. அக்காகிட்ட அவனே போன் பண்ணிப் பேசின பிறகு சரின்னுட்டாங்க.

புதுசா சேர்ந்தது: மாடி முழுக்க வெள்ளை டைல்ஸ், நாலு பிஎல்டிசி ஃபேன், மேற்குப் பக்கம் மாடிப்படி, பழைய சீமை ஓட்டுல முன்பக்கம் ஒரு தாழ்வாரம், மழைத் தண்ணிக்கு ஒழுங்கான ஒரு தொட்டி. தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு 2003-லயே கட்டாயம் ஆச்சு. ஆனா பல வீட்டுல அது அப்ரூவலுக்காக நட்டு வெச்ச ஒரு பைப்தான். 600 சதுர அடி மாடியில வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தா, வீணாகிறது போக 40 ஆயிரம் லிட்டர். போர் மோட்டார் அந்த அளவுக்கு ஓட வேண்டாம். அதுவும் யூனிட்தான்.

இதெல்லாம் சேர்த்தும், கொட்டேஷனோட ஒப்பிட்டா கடன் 7 லட்சத்துக்கு மேல குறைஞ்சது. வீடு கார்பன் நியூட்ரலா? இல்லை, முழுசா இல்லை. பத்திரத்துல அப்படி எழுத முடியாது. ஆனா அந்தப் பேக்கேஜ் வீட்டை விட இது பச்சைன்னு தைரியமா சொல்வேன்.

வீடு கட்டப் போறீங்களோ, வாடகையில இருக்கீங்களோ, இந்த வாரக் கடைசியில ஒரு வேலை பண்ணுங்க. மின்வாரிய ஆப்ல கடைசி ஆறு பில்லை எடுங்க. எத்தனை பில் 500-ஐத் தாண்டுச்சுன்னு பாருங்க. ஒண்ணு, ரெண்டுன்னா ஃபேனை மாத்துங்க, மாடிக்குச் சுண்ணாம்பு அடிங்க. ஆறுமே தாண்டினா சோலார்காரரைக் கூப்பிடுங்க. எதுவுமே தாண்டலைன்னா, நீங்க ஏற்கனவே பச்சைதான். யார் வந்து பேக்கேஜ் விக்கப் பார்த்தாலும், ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிடுங்க.

சித்தப்பாவுக்குப் போன் பண்ணி பிளானைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "தாழ்வாரம் இருக்குல்ல? அது போதும் சாமி"ன்னாரு.